சொந்தமா ஆறு சக்கர வண்டி எடுக்கலாமா, சம்பளத்துக்கே ஓட்டிட்டு இருக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை டிரைவர்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு கேரளாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலை பொள்ளாச்சியில். ஒரு முதலாளியிடம் ஆறு சக்கர லாரி ஓட்டுகிறேன். கிணத்துக்கடவு தக்காளி, பொள்ளாச்சி மார்க்கெட் காய் எல்லாம் ஏற்றிக்கொண்டு கோவிந்தாபுரம், கொல்லங்கோடு, நெம்மாறை வழியாக வடக்கஞ்சேரி போய் பைபாஸ் பிடித்து, திருச்சூர் சக்தன் மார்க்கெட் அல்லது எர்ணாகுளம். சம்பளம் 24,000, படி தனி. குறை சொல்ல ஒன்றும் இல்லை, முதலாளி நல்ல மனிதர்தான்.

அவரிடம் மூன்று வண்டி இருக்கிறது, அதில் நான் ஓட்டுகிற வண்டியைக் கொடுத்துவிடப் போகிறாராம். 2018 மாடல், பிஎஸ்4. வெளியில் கொடுப்பதற்கு நீயே எடுத்துக்கோ, 14 லட்சம் கொடு, லோடு நானே தர்றேன் என்கிறார். கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது, வீட்டம்மா நகையை வைத்தால் 4 ஆகும். மீதி 10 லட்சத்துக்கு ஒரு பைனான்ஸில் கேட்டேன், 10 சதவீத வட்டி, பிளாட், 4 வருடம் என்றார்கள்.

எர்ணாகுளத்துக்கு இப்போது அவர் வாங்குகிற வாடகை 11,500. மாதம் 15 நடை தாராளமாக ஓடும், ஓணம் நெருங்கினால் அதற்கும் மேல். திரும்பும்போது பெரும்பாலும் காலிதான், எப்போதாவது பெரும்பாவூரில் பிளைவுட் கிடைக்கும். மச்சான் உடனே எடுக்கச் சொல்கிறான், அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். இரண்டு பேருக்கும் வண்டித் தொழில் தெரியாது. அதனால்தான் இங்கே கேட்கிறேன். அப்புறம் எனக்கு கேரளா முகவரி, வண்டி தமிழ்நாடு நம்பர், அதில் ஏதாவது சிக்கல் வருமா?


பழைய டாரஸ்:

தம்பி, நீங்கள் கொடுத்த கணக்கையே எடுத்துப் போடுகிறேன், என் கணக்கு எதுவும் வேண்டாம். மாதம் 15 நடை, 11,500 வீதம் 1,72,500. கேட்க நன்றாக இருக்கும். போக வர 350 கிலோமீட்டர், லோடும் காலியும் சேர்த்து லிட்டருக்கு ஐந்தரை கொடுத்தால் நடைக்கு 64 லிட்டர், 93 ரூபாய் போட்டால் 5,950. அது 15 தடவை என்றால் 89,250. பன்னியங்கரை, பாலியேக்கரை இரண்டு டோலும் போக வர, கமிஷன், மார்க்கெட்டில் கொடுப்பது, ரோட்டுச் செலவு, உங்கள் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து நடைக்கு 2,300 என்று குறைத்தே வைக்கிறேன், 34,500. கையில் நிற்பது 48,750.

இப்போது டியூ, அதாவது மாதத் தவணை. 10 லட்சத்துக்கு பிளாட் 10 சதவீதம் (அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் வட்டி), 4 வருடம் என்றால் வட்டியே 4 லட்சம், மாதம் 29,170 வருகிறது. இது பத்து சதவீத வட்டி இல்லை தம்பி. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய பதினேழரை சதவீதம். வேறு இடத்தில் குறையும் வட்டி 15 சதவீதம் என்று சொன்னால் காதுக்குப் பெரிதாகக் கேட்கும், ஆனால் அதே கடனுக்கு மாதம் 27,830தான் வரும். பைனான்ஸ்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது சதவீதம் இல்லை, எந்தக் கணக்கு என்பதைத்தான்.

சரி, 48,750-இல் 29,170 போனால் 19,580. இன்சூரன்ஸ், கால் வரி, நேஷனல் பர்மிட், எப்.சி.க்கு (வண்டி தகுதிச் சான்று) ஒதுக்குவது எல்லாம் சேர்த்து வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டும், மாதம் 9,000 வையுங்கள். உங்கள் வண்டி 12 முதல் 20 டன் வகுப்பில் வரும், அதற்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே 2022 விகிதப்படி 35,313 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி, வண்டிச் சேதத்துக்கு உள்ள பிரீமியம் அதற்கு மேல். மிச்சம் 10,580. மாதம் 5,250 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், புது டயராகவே போட்டால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் டயரே தின்னும். 10,500. கையில் 80 ரூபாய். இன்னும் ஆயில் மாற்றவில்லை, கிரீஸ் அடிக்கவில்லை, ஸ்பிரிங் பட்டை ஒன்று உடையவில்லை, ஓட்டுகிற உங்களுக்குச் சம்பளமும் போடவில்லை. இப்போது வாங்குகிற 24,000 எங்கிருந்து வரும்?

பழைய டயருக்கே புது ரப்பர் ஒட்டி ரீட்ரேட் போட்டு ஓட்டினால் நாலாயிரம் ஐயாயிரம் மிஞ்சும், அதை கிரீஸும் ஆயிலும் வாங்கிக்கொள்ளும். ஆக உங்கள் சம்பளம் ரிட்டர்ன் லோடில்தான் இருக்கிறது. மாதம் 6 நடை ரிட்டர்ன் கிடைத்து, நடைக்கு 6,000 வந்தால் 36,000. கூடுதல் டீசல், கமிஷன், இறக்குகிற செலவு போனால் 24,000 பக்கத்தில் நிற்கும். ஆனால் பெரும்பாவூரில் பிளைவுட்டுக்காக மதியம் வரை காத்துக் கிடந்தால் அன்று சாயங்காலம் பொள்ளாச்சி லோடு போச்சு. அதுவும் பிளைவுட் நம் ஊருக்கு மட்டுமா வருகிறது, சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் போகிற பெரிய வண்டிகளுக்குத்தான் அங்கே முதல் மரியாதை. ரிட்டர்னும் பிடிப்பேன், 15 நடையும் போடுவேன் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்.


மரப்பேட்டை மாப்ள:

எல்லாத்தையும் செலவிலேயே எழுதினால் யாரும் வண்டி வாங்க முடியாது. உங்க முதலாளி மட்டும் மூணு வண்டியோடவா பிறந்தார்? மேலே அண்ணன் போட்ட கணக்கு சரிதான், மறுக்கவில்லை, ஆனால் அதில் டியூ 29,000 இருக்கே, அது யாருக்குப் போகுது? 4 வருடம் கழித்து வண்டி உங்க பேரில் நிற்கும். சம்பளத்துக்கு ஓட்டினால் 4 வருடம் கழித்தும் அதே சம்பளம், கூட ரெண்டாயிரம். வெளியில் போய் வண்டி வாங்கினால் பின் ஆக்சில் கிரவுன் பல்சக்கரம் கத்துதா, இன்ஜின் ஆயில் குடிக்குதா, சேஸிஸில் வெல்டிங் வைத்து பெயிண்ட் அடித்திருக்கானா என்று எதுவும் தெரியாது. இது நீங்களே ஓட்டின வண்டி, அதன் சளி இருமல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு விஷயமே ஒரு லட்சம் பெறும். விலையை 14-லிருந்து இறக்குங்க, எடுங்க. பயந்தால் ஆகாது.


புக்கிங் கணக்கு:

மாப்ள சொல்கிற "4 வருடம் கழித்து வண்டி உங்க பேரில் நிற்கும்" என்பதில்தான் ஒரு விஷயம் இருக்கிறது. நிற்கும், எங்கே நிற்கும் என்று பாருங்கள்.

நேஷனல் பர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு. இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருடம், மல்டி ஆக்சிலுக்கு 15. உங்களுடையது ஆறு சக்கரம், இரண்டு ஆக்சில். 2018 மாடல் என்றால் 2030-இல் கதை முடிந்தது. 4 வருட டியூ கட்டி முடிக்கிற நேரமும் அந்த வண்டி நேஷனல் பர்மிட்டில் பார்டர் தாண்டுகிற கடைசி நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓட்டுகிற ஆளுக்கு இது பெரிய தலைவலி இல்லை, உள்ளூர் பர்மிட்டில் செங்கலோ தேங்காய் மட்டையோ ஏற்றிக்கொண்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். உங்களுக்கு வீட்டிலிருந்து வேலைக்கு வருவதே மாநிலம் தாண்டித்தான். டியூ இல்லாமல் ஓட்டிச் சம்பாதிக்கலாம் என்று நினைக்கிற அந்த நாலைந்து வருடம் இந்த வண்டியில் கிடையாது. விலை பேசும்போது இதைச் சொல்லித்தான் பேச வேண்டும். 8 வயதைத் தாண்டினால் எப்.சி.யும் வருடா வருடம், அதுவரைதான் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை.

பேப்பர் விஷயம். வண்டியில் முதலாளி பேரில் பழைய பைனான்ஸ் பாக்கி இருந்தால் படிவம் 35 வாங்கி ஹைப்போதிகேஷன் (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) நீக்க வேண்டும். கைமாற்றத்துக்கு படிவம் 29, 30. நீங்கள் கேரளா முகவரியில் ஆர்.சி. மாற்றினால் தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, அங்கே போய் வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் ஆகாத காரியம் இல்லை. தமிழ்நாடு நம்பரையே வைத்து கேரளாவில் நிறுத்தி ஓட்டலாமா என்றால், ஒரு மாநில வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவு மாற்ற வேண்டும் என்பது சட்டம். சிலர் பொள்ளாச்சியில் மாமனார் வீட்டு முகவரியைப் போட்டு எடுக்கிறார்கள். நான் அதைச் சொல்லித் தர மாட்டேன், கிளெய்ம் என்று வரும்போது முகவரியைத்தான் முதலில் நோண்டுவார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு இ-சலான் பாக்கி பாருங்கள். பழைய அபராதம் எவ்வளவு இருந்தாலும் கட்டாமல் பேர் மாறாது.

வருமான வரிக்குப் பயப்பட வேண்டாம். 10 வண்டி வரை வைத்திருப்பவருக்கு உத்தேச வருமானக் கணக்கு இருக்கிறது (1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ பிரிவு). 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். ஆர்.சி.யில் மொத்த எடை 16.2 டன் என்றால் மாதம் 16,200. பான் கார்டு நகலோடு 10 வண்டிக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் புக்கிங் ஆபீஸில் வாடகையிலிருந்து டி.டி.எஸ். வரி பிடிக்கவும் மாட்டார்கள். கேட்காமல் விட்டால் பிடித்துவிடுவார்கள், அப்புறம் அதை வாங்க வருமான வரி ரிட்டர்ன் போட்டு அலைய வேண்டும்.


வீட்டுக் கணக்கு அக்கா:

என் வீட்டுக்காரர் சொந்த வண்டி ஓட்டுகிறார், கணக்கு முழுக்க என் கையில்தான், அதனால் எழுதுகிறேன். மேலே அண்ணன்மார் சொன்ன கணக்கெல்லாம் காசு உடனே வருகிற மாதிரி இருக்கிறது. அப்படி வருவதில்லை தம்பி. காய்கறி லோடுக்கு மண்டிக்காரர் வாரக் கணக்கில் கொடுப்பார், சிலர் அடுத்த லோடு ஏற்றும்போது முந்தின லோடுக்குக் கொடுப்பார். டிரான்ஸ்போர்ட் லோடு எடுத்தால் ஏற்றும்போது அட்வான்ஸ் ஒரு பங்கு வரும், மீதி பாக்கி இறக்கின ரசீது போய்ச் சேர்ந்து அவர்கள் சரி பார்த்த பிறகு. எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கம்பி தொங்குகிறது, பணம் வராத ரசீதெல்லாம் அதில் குத்தியிருக்கும். ஒவ்வொரு மாதமும் டியூ தேதிக்கு முன்னாடி அந்தக் கம்பியைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு யார் யாருக்கு போன் பண்ணுவது என்று பார்ப்போம். வாடகை பேச ஆயிரம் பேர் வருவார்கள், பாக்கி கேட்டால் போனை எடுக்கிறவர் ஒருத்தர் இரண்டு பேர்தான். பங்க்கில் டீசல் கடன் கொடுப்பார்கள், ஆனால் அந்தக் கடன் இருக்கிற வரை வேறு பங்க்குக்குப் போக முடியாது. உங்கள் பக்கத்தில் கேரளா பங்க்கில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு போட்டிருக்கிறார்கள், பார்டருக்கு இந்தப் பக்கமே டேங்க் நிரப்பிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அதற்கும் கையில் காசு வேண்டும்.

நகையை வைத்து முன்பணம் கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நகை அடகு வட்டியை யாருமே கணக்கில் எழுதவில்லை. அதை விடுங்கள், முதல் தடவை கியர் பாக்ஸ் இறக்க வேண்டி வந்தால் வைப்பதற்கு வீட்டில் வேறு என்ன இருக்கிறது? வண்டி ஒரு வாரம் செட்டில் நின்றால் வாடகை நிற்கும், டியூ நிற்காது. மூன்று மாத டியூவும் ஒரு ஜோடி டயர் காசும் தனியாக, தொடாமல் பேங்கில் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் இப்போது வேண்டாம். என் நகைக்கு நான் இப்படித்தான் சொன்னேன்.

இன்னொன்று முக்கியம். நிறையப் பேர் கடனுக்கு வசதி என்று ஆர்.சி.யை வீட்டம்மா பேரில் போடுகிறார்கள். இன்சூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு என்று 15 லட்சத்துக்கு ஒன்று கட்டாயமாகப் போடுவார்கள், அது ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ, லைசென்ஸ் யாருக்கு இருக்கிறதோ அந்த ஆளுக்குத்தான். என் பேரில் ஆர்.சி. இருந்து அவர் ஓட்டி ஏதாவது ஆனால் அந்த 15 லட்சம் அவருக்குக் கிடையாது. ஆர்.சி. உங்கள் பேரிலேயே இருக்கட்டும், லைசென்ஸும் தேதி தவறாமல் இருக்கட்டும்.


கொழிஞ்சாம்பாறை டிரைவர்:

எல்லோருக்கும் நன்றி, அக்காவுக்கு ரொம்ப நன்றி. உங்கள் பதிலை வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய் நகைப் பெட்டிச் சாவியை இடம் மாற்றி வைத்துவிட்டாள்.

வண்டியைப் பற்றி மாப்ள கேட்ட மாதிரி உண்மையைச் சொல்கிறேன். இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஆயில் மூடியைத் திறந்தால் புகை அடிப்பதில்லை. நான்காவது கியர் மட்டும் இறக்கத்தில் காலை எடுத்தால் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும், ஒரு கையால் லிவரைப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறேன். பின்னால் மூன்று டயர் தேய்ந்து கட்டையாகிவிட்டது. எப்.சி. இன்னும் மூன்று மாதத்தில் வருகிறது. வயதுக் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது, முதலாளிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இதையெல்லாம் சேர்த்து 11 லட்சத்துக்குக் கேட்டால் சரியாக இருக்குமா? நடுவில் இன்னொரு யோசனை, மணலும் கல்லும் ஏற்றினால் வாடகை கூட வரும் என்கிறார்களே?


பழைய டாரஸ்:

இப்போது புரிகிறது ஏன் கொடுக்கிறார் என்று. அவர் மேல் தப்பில்லை, வியாபாரி யாராக இருந்தாலும் எப்.சி.க்கு முன்னால்தான் தள்ளுவார். பெயிண்ட், தகரம், ஸ்டிக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பிரேக் வேலை, கியர் பாக்ஸ், மூன்று டயர், எல்லாம் சேர்த்து எடுத்த கையோடு இரண்டு லட்சம் பக்கம் செலவு நிற்கிறது. 11 என்று கேளுங்கள், ஆனால் விலையைவிட நான் வேறு ஒன்றைக் கேட்கச் சொல்வேன். லோடு நானே தர்றேன் என்று சொன்னாரே, எத்தனை லோடு, என்ன வாடகைக்கு, எத்தனை நாளில் காசு? இப்போது அவருக்கு மண்டியில் 11,500 கொடுக்கிறார்கள். நாளைக்கு உங்களுக்கும் 11,500 கொடுப்பாரா, கமிஷன் பிடித்துக்கொண்டு 10,500 கொடுப்பாரா? ஆயிரம் குறைந்தால் மாதம் 15,000 போச்சு, மேலே போட்ட கணக்கில் எங்கேயிருந்து எடுப்பீர்கள்? அவருக்கு இன்னும் இரண்டு வண்டி இருக்கிறது. ஓணத்துக்கு எல்லோருக்கும் லோடு இருக்கும். கர்க்கடக (ஆடி) மாத மழையில் சரக்கு குறையும்போது முதலில் யார் வண்டிக்கு ஏற்றுவார்? டிரைவராக இருந்தபோது வண்டி நின்றால் அவருக்கு நஷ்டம், அதனால் லோடு தேடினார். நீங்கள் வாங்கிவிட்டால் உங்கள் வண்டி நின்றால் அவருக்கு ஒன்றும் இல்லை. ஒரு கமிஷன் மண்டிக்காரராவது நேராக உங்களுக்கு ஏற்றுகிறேன் என்று சொல்கிறாரா என்று முதலில் பாருங்கள். அந்த ஒரு ஆள் இருந்தால் வண்டி எந்த மாடல் என்பதெல்லாம் அடுத்த பேச்சு.

கல், எம்-சாண்ட் பற்றி. வாடகை டன் கணக்கு, அதனால் டன் ஏற்றச் சொல்வார்கள். ஆர்.சி.யில் இருப்பது 16.2 டன், வண்டி எடையே ஆறு டன் பக்கம் போகும், சட்டப்படி ஏற்றினால் அந்த வாடகையில் கட்டுபடியாகாது, கட்டுபடியாகிற மாதிரி ஏற்றினால் சட்டம் விடாது. 2019 திருத்தத்தில் அதிக பாரத்துக்கு 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000 என்று எழுதியிருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஓட்டும்போது அபராதம் முதலாளி தலையில், சொந்த வண்டி என்றால் உங்கள் தலையில். குதிரானில் சுரங்கம் வந்த பிறகு ஏற்றம் குறைந்தது உண்மைதான், ஆனால் எட்டு வயது வண்டியின் பட்டையும் கிரவுனும் பாரத்தைத் தாங்காது.


வேலந்தாவளம் பிக்கப்:

நான் கொஞ்சம் வேறு வழி சொல்கிறேன். பெரிய வண்டிதான் வேண்டும் என்று யார் சொன்னது? நான் ஓட்டுவது சின்ன வண்டி. பொள்ளாச்சியில் விடியற்காலை காய் எடுத்து கொழிஞ்சாம்பாறை, சித்தூர், நெம்மாறை, ஆலத்தூர்ப் பக்கம் கடை கடையாகப் போடுகிறேன். ஒரு கடைக்கு மூன்று பெட்டி, நான்கு மூட்டை. மதியத்துக்கு வீடு. லாரிக்காரர் மார்க்கெட்டில் மொத்தமாக இறக்கிவிட்டுப் போய்விடுவார், கடைக்காரருக்கு அங்கே போய் எடுக்க நேரம் இல்லை, அந்த வேலையைத்தான் நாங்கள் செய்கிறோம். கடைக்காரர் என் நம்பருக்கு ராத்திரியே சரக்குச் சீட்டு அனுப்பிவிடுவார். நடுவில் புரோக்கர் கிடையாது, காசு அன்றைக்கே அல்லது மறுநாள்.

மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு பர்மிட்டே வேண்டாம், சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. வாங்கும்போது ஆர்.சி.யில் மொத்த எடையைப் பாருங்கள், ஒரே கம்பெனி வண்டியிலேயே ஒரு மாடல் 3,000-க்குள் இருக்கும், அடுத்தது தாண்டும். உங்களுக்கு ஹெவி லைசென்ஸ் இருக்கிறது, கவலை இல்லை. ஆனால் உங்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் மச்சானை ஓட்டச் சொல்லலாம், 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிக்கு சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. லாரிக்கு இந்த வசதி கிடையாது.

வருமானம் பெரிதாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். லாரிக்காரர் ஓணத்தில் பார்க்கிற காசை நாங்கள் பார்க்க மாட்டோம். முதுகு வலிக்கும், ஏற்றுவது இறக்குவது பாதி நாமேதான். சில ஊரில் சுமட்டுத் தொழிலாளிகள் (சுமை தூக்குகிற ஆட்கள்) இறக்குகிற இடத்தில் நாம் கை வைக்கக் கூடாது, கூலியை யார் கொடுப்பது என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பதற்கே வாங்குகிற நோக்குகூலியை 2018 மே மாதம் கேரளா அரசு ஒழித்துவிட்டது, அப்படி யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நியாயமான இறக்கு கூலிக்கு வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள், அடுத்த நாளும் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும்.


மரப்பேட்டை மாப்ள:

நாலாவது கியர் கதை தெரிந்திருந்தால் எடுங்கன்னு அவ்வளவு வேகமா எழுதியிருக்க மாட்டேன். இருந்தாலும் சின்ன வண்டிக்கு என் ஓட்டு இல்லை. ஒவ்வொரு பெட்டியா இறக்கி எத்தனை வருடம் ஓட்டுவீங்க?


கொழிஞ்சாம்பாறை டிரைவர்:

முதலாளியிடம் பேசினேன். 11 என்றதும் சிரித்தார், கடைசியாக 12-க்கு வந்தார், எப்.சி. என் செலவு. லோடு எத்தனை, என்ன வாடகை என்று கேட்டதற்கு, "நமக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்குடா, உன்னை விட்டுடுவேனா" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் மண்டியில் வாடகை ஏறினால் உனக்கும் ஏறும் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை, நானும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன்.

அதனால் இந்த வண்டியை விட்டுவிட்டேன். எப்.சி. முடித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கப் போகிறார், எனக்கு அவருடைய அடுத்த வண்டியில் வேலை இருக்கிறது, சம்பளம் ஆயிரம் கூட்டியிருக்கிறார். வரும் ஓணம் வரை சம்பளத்துக்கே ஓட்டிக்கொண்டு, கிணத்துக்கடவில் எனக்குத் தெரிந்த தக்காளி மண்டிக்காரர் ஒருவரிடம் நேர் லோடு பற்றிப் பேசிப் பார்க்கிறேன். அவர் சரி என்றால் மல்டி ஆக்சில் இல்லாவிட்டாலும் 2021-க்குப் பிந்தின ஆறு சக்கரம் ஒன்று பார்ப்பேன். இல்லையென்றால் வேலந்தாவளம் அண்ணனிடம் நேரில் வந்து ஒரு நாள் கூடவே வண்டியில் வருகிறேன், பரவாயில்லையா? அக்கா, டியூ காசு தனியாக வைக்கிற கணக்கை இந்த மாதமே ஆரம்பித்துவிட்டோம், பேரில் மட்டும் டியூ, கடன் இல்லை.


வேலந்தாவளம் பிக்கப்:

தாராளமாக வாங்க. விடியற்காலை மூன்று மணிக்கு வேலந்தாவளம் ஜங்ஷன். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாங்க, தக்காளிச் சாறு போகாது.


புக்கிங் கணக்கு:

2021-க்குப் பிந்தின வண்டி என்றால் பிஎஸ்6. புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற ஆட்புளூ திரவத்தின் செலவைக் கணக்கில் சேருங்கள், அப்புறம் சென்சார் வேலைக்கு ரோட்டோர மெக்கானிக் கை வைக்க மாட்டார், ஷோரூம்தான். வாங்குவதற்கு முன் சர்வீஸ் ரெக்கார்டு கேட்டு வாங்கிப் பாருங்கள், ஓட்டிப் பார்க்கும்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைந்துதான் இருக்கிறதா, பல்பையே கழற்றிவிட்டார்களா என்று சாவியைப் போட்டதும் கவனியுங்கள். சாவி போட்டவுடன் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிய வேண்டும்.